மகளிர் குழுவில் யாரைச் சேர்ப்பது: சொந்தமா, தெருவா, தொழிலா, கலந்த குழுவா?

"அக்கா, புதுசா குழு ஆரம்பிக்கப் போறோம். பெரியம்மா, சித்தி, நாத்தனார்னு சொந்தத்துலயே பன்னெண்டு பேர் தேறிடுது. அப்புறம் எதுக்கு வெளியாளு?"

இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலைந்து முறையாவது என்னிடம் வரும். "எங்க தெருவுல எல்லாரும் வேற வேற ஆளுங்க, ஒத்துப் போகுமா?" என்று தயங்குகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வட மாவட்டக் கிராமங்களில் குழு அமைக்கும் களப்பணியில் பல வருஷம் இருந்தேன். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகும்வரை நீடித்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு பொங்கலில் தொடங்கி அடுத்த பொங்கலுக்குள் உடைந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். உடைந்த குழுக்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், காசு இல்லாமல் உடைந்தது குறைவாகவே இருக்கும். பாக்கி வைத்தவரிடம் யாரும் வாய் திறந்து கேட்காமலே நாலைந்து கூட்டம் ஓடியிருக்கும். அது ஏன் என்று தேடிப் போனால், யார் யார் சேர்ந்து அந்தக் குழுவைத் தொடங்கினார்கள் என்ற இடத்தில் வந்து நிற்போம்.

குழுக்கள் பிறந்த கதையிலும் இதே விஷயம் இருக்கிறது. 1980-களின் நடுவில் கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை நடத்த உதவிக்கொண்டிருந்தது. பல சங்கங்கள் ஓரிருவர் கைக்குள் போய் உடைந்தன. உறுப்பினர்களில் சிலர், ஒருவரை ஒருவர் நம்பக்கூடியவர்களாகப் பார்த்துச் சின்னச் சின்னக் கூட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். வெளியிலிருந்து யாரும் பெயர்ப்பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் விவசாயம், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. அன்றிலிருந்து இன்றுவரை குழு தொடங்குகிறவர்கள் முதலில் எதிர்கொள்வது 'யாரோடு சேர்வது' என்பதைத்தான்.

## எதை வைத்துப் பார்ப்பது?

ஐந்து கேள்விகளை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தெரியுமா? அவர் வீட்டுக்குப் பணம் எப்போது வருகிறது, வேறு எங்கெல்லாம் கடன் இருக்கிறது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவரா என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, கேட்க முடியுமா? தவணை கட்டாத அன்று அவர் முகத்தைப் பார்த்து "ஏன் கட்டலை?" என்று கேட்க முடிய வேண்டும். ஐந்தில் இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. பொது நிதிக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப்பேர் "மற்றவர்கள் போட்டால் நானும் போடுவேன்" என்ற வகையில் நடந்துகொண்டார்கள். மற்றவர்கள் எவ்வளவு போட்டாலும் தம் பங்குக்கு ஒன்றும் போடாதவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். அந்த முதல் பாதியைத்தான் கவனிக்க வேண்டும். ஒருவர் கட்டாமல் விட்டதை யாரும் கேட்கவில்லை என்றால், அடுத்த மாதம் நல்லவர்களும் கையை இழுத்துக்கொள்வார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல முடியாது. "நான் மட்டும் ஏன் கட்டணும்?" என்ற நியாயமான எண்ணம்தான் அது.

மூன்று, எல்லோரும் ஒரே நாளில் விழுவோமா? ஒரே காரணத்தால் எல்லோர் வீட்டிலும் வருமானம் நின்றால், ஒருவருக்கு ஒருவர் கைகொடுக்க முடியாது.

நான்கு, வேலையை யார் செய்வது? கணக்கு எழுதுவது, வங்கிக்கு அலைவது, பல குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பின் கூட்டத்துக்குப் போவது எல்லாம் ஒரே ஆள் தலையில் விழுமா, சுற்றி வருமா?

ஐந்து, யார் விடுபடுகிறார்கள்? குழு சேரும்போது கூப்பிடப்படாத வீடு எது?

## சொந்தக்காரர்கள் குழு

முதல் கேள்வியில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. யார் வீட்டில் என்ன நகை அடகில் இருக்கிறது என்பதுவரை தெரியும். தொடங்குவதும் சுலபம், ஒரு சாயங்காலத்தில் பட்டியல் முடிந்துவிடும்.

சிக்கல் இரண்டாவது கேள்வியில் வருகிறது. ஒரு கூட்டத்தில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "எங்க அத்தைகிட்ட நான் எப்படிங்க தவணை கேக்கறது? ராத்திரி அதே வீட்டுலதானே சோறு திங்கணும்?" அந்தக் குழுவில் மருமகள் பிரதிநிதி, அதாவது பொறுப்பாளர்களில் ஒருவர். மாமியார் கடன் வாங்கியவர். ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டுமே சேரலாம் என்பது பொதுவான வழிகாட்டுதல்தான். ஆனால் தனி ரேஷன் கார்டு இருந்தால் தனிக் குடும்பம் என்று கணக்காகிவிடும், ஒரே வாசலுக்குள் மூன்று கார்டு இருக்கும்.

வங்கதேசத்தில் கிராமீன் வங்கி ஐந்து பேர் கொண்ட குழுக்களை அமைத்தபோது, நெருங்கிய உறவினர்கள் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்று விதி வைத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். தாய்லாந்தில் விவசாயக் கடன் குழுக்களின் திருப்பிச் செலுத்தும் கணக்கை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. உறவினர்கள் நெருக்கமாக இருந்த குழுக்களில் கடன் திரும்புவது மோசமாக இருந்தது என்று அதில் தெரிந்தது. பாசம் கூடினால் கண்டிப்பு குறையும், நம் வீடுகளிலும் அப்படித்தானே.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் அதே மாதத்தில் சீரும் மொய்யும் வைக்க வேண்டும், சந்தா நின்றுபோகும். ஒரு சாவு விழுந்தால் கூட்டம் இரண்டு வாரம் தள்ளிப் போகும். எல்லாவற்றையும்விடப் பெரியது பாகப்பிரிவினை. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேசாமல் போனதும், எட்டு வருஷமாக ஒழுங்காக நடந்த குழு ஒன்று மூன்றே கூட்டத்தில் கலைந்தது. அந்தப் பெண்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. ஆனாலும் அவர்களால் ஒன்றாக உட்கார முடியவில்லை.

எப்போது இது சரி: பத்துப் பதினைந்து வீடுகளே உள்ள, எல்லோரும் உறவாக இருக்கும் ஒதுக்குப்புறமான குக்கிராமத்தில் வேறு வழி கிடையாது. செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பம் குடும்பமாகப் போய் வருகிறவர்களுக்கும் சொந்தக் குழுதான் நிற்கும், சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்புவார்கள். அப்படி அமைத்தால் குழுவை நடத்தும் ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் என்ற பொறுப்புகளை மூன்று வெவ்வேறு வீட்டுக்குக் கொடுங்கள். கடன் தொகையைச் சில வருஷத்துக்குச் சின்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே தெருக் குழு

தெருக்காரர்கள் குழாயடியில் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் வீட்டில் கறவை மாடு செத்தால் அன்றே தெரியும், கடன் வாங்கிய காசில் ஃபிரிட்ஜ் இறங்கினாலும் அன்றே தெரியும். உறவு இல்லாததால் வாயைத் திறந்து கேட்கவும் முடியும்.

பெரு நாட்டின் அயகுச்சோவில் ஃபின்கா என்ற அமைப்பின் சேமிப்புக் குழுக்களை டீன் கார்லன் என்ற பொருளாதார ஆய்வாளர் ஆராய்ந்தார். அங்கே யார் யாரோடு சேர்வது என்பதை உறுப்பினர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை, வந்து பெயர் கொடுத்த வரிசையில் குழுக்கள் அமைந்தன. அதனால் குழுச் சேர்க்கையின் விளைவைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் குடியிருப்பவர்களும் பண்பாட்டில் ஒத்தவர்களும் அதிகம் இருந்த குழுக்களில் சேமிப்பும் அதிகம், கடனும் ஒழுங்காகத் திரும்பியது. இன்னொன்றும் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களால், முடியாமல் கட்டாதவர் யார், வேண்டுமென்றே கட்டாதவர் யார் என்று பிரித்தறிய முடிந்தது. முடியாமல் போனவரோடு உறவை முறித்துக்கொள்ளாமல் இருந்தார்கள். தெருக் குழுவின் உண்மையான பலம் இந்த இரக்கம்தான், வெறும் கண்காணிப்பு இதைத் தராது.

ஆனால் நம் கிராமத்தில் 'ஒரே தெரு' என்று சொல்லும்போது என்ன சொல்கிறோம் என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஊருக்குள்ளும் தெருவுக்கு ஒரு சாதி. தெருவை வைத்துக் குழு அமைத்தால் சாதியை வைத்து அமைத்ததாகத்தான் முடியும். குழு நன்றாக நடக்கலாம், ஆனால் ஐந்தாவது கேள்விக்குப் பதில் கசப்பாக இருக்கும்.

நகரத்தில் இந்தக் கவலை ஓரளவு குறையும், அங்கே வாடகை வீடுதான் கவலை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறிப் போனவரைத் தேடி அலைந்த குழுக்கள் உண்டு. நகரத்தில் தெருக் குழு அமைத்தால், பாதிப்பேராவது சொந்த வீட்டிலோ பல வருஷமாக அதே வாடகை வீட்டிலோ இருப்பவர்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது இது சரி: முதல்முறை குழு தொடங்குகிறவர்களுக்கு. பெரும்பாலான ஊர்களில் தொடங்க இதுவே நல்ல இடம்.

## ஒரே தொழில் குழு

மீன் விற்பவர்கள், பூக்கட்டுபவர்கள், பால் ஊற்றுபவர்கள், இட்லிக்கடைக்காரர்கள் என்று தொழிலால் சேர்வது. இவர்கள் பேச ஆரம்பித்தால் நிற்காது, சரக்கைப் பற்றி, விலையைப் பற்றி, கடன்காரரைப் பற்றி. சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்தால் லாபம் நேரடியாகக் கையில் நிற்கும். வெறும் சேமிப்போடு நிற்காமல் தொழிலாக வளர வேண்டும் என்றால் இந்த வழிதான் சிறந்தது.

மூன்றாவது கேள்வி இங்கேதான் உறுத்தும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் துறைமுகத்தை நம்பி மீன் விற்கும் பதினைந்து பெண்கள் ஒரே குழுவில் இருந்தால், அந்த இரண்டு மாதமும் பதினைந்து பேரும் கடன் கேட்பார்கள், தவணை கட்ட ஒருவரும் இருக்க மாட்டார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் பூக்கட்டுபவர்களுக்கும் இப்படி ஒரு மந்தம் உண்டு. கறவை மாடு வைத்திருப்பவர்கள் பரவாயில்லை, கையில் காசு அடிக்கடி வரும். தவணைத் தேதியைத் தொழிலின் நல்ல மாதங்களுக்கு ஏற்ப வகுத்துக்கொண்டால் இந்தச் சிக்கலைப் பாதியாகக் குறைக்கலாம், ஆனால் வங்கிக் கடன் தவணைக்கு இது பொருந்துமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தொழில் போட்டியும் இருக்கிறது. ஒரே சந்தையில் எதிரெதிரே கடை போடுகிறவர்கள் தம் உண்மையான வரவைக் குழுவில் சொல்ல மாட்டார்கள்.

எப்போது இது சரி: ஏற்கெனவே இரண்டு மூன்று வருஷம் சேமித்துப் பழகியவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போகும்போது.

## கலந்த குழு

'கலப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சாதி கலப்பது ஒன்று, வசதி கலப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் "கலந்தா ஒத்து வராது" என்கிறார்கள்.

வசதி கலப்பதை முதலில் பார்ப்போம். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பத்து ஏக்கர்காரர் வீட்டுப் பெண்ணும் அவர் நிலத்தில் களை எடுக்கும் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்தால், தீர்மானம் யார் வாயிலிருந்து வரும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் பெரிய கடன் அவருக்கு, தவணை தவறினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமே. தமிழ்நாட்டில் 48 பாசன ஊர்களைப் பிரணாப் பர்தன் என்ற பொருளாதார ஆய்வாளர் ஆராய்ந்து 2000-இல் எழுதிய கட்டுரை இதே போன்ற ஒன்றைக் காட்டுகிறது. நில உடைமையில் ஏற்றத்தாழ்வு அதிகமாக இருந்த இடங்களில் வாய்க்கால் பராமரிப்பில் ஒத்துழைப்பு குறைந்திருந்தது. பெரிய தலைகள் வகுத்த விதி என்று மக்கள் நினைத்த இடங்களில் விதிமீறலும் அதிகம்.

சாதி கலப்பது வேறு கதை. இதற்குச் செலவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. முதல் ஆறு மாதம் பேச்சு இறுக்கமாக இருக்கும். கூட்டம் யார் வீட்டில் என்பதே பெரிய கேள்வி. ஒரு குழுவில் டீ போடுவதா வேண்டாமா என்று நாங்கள் மூன்று கூட்டம் பேசினோம். யார் போடுவது, யார் வீட்டு டம்ளர், யார் குடிக்காமல் எழுந்து போவார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது, யாரும் வெளியில் சொல்லவில்லை. கடைசியில் அங்கன்வாடியில் கூட்டம் வைத்து, முறை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒருவர் சுண்டல் கொண்டுவருவது என்று ஒரு பெண்தான் வழி சொன்னார். நாலாவது வாரம் சுண்டல் காலனியிலிருந்து வந்தது. இரண்டு பேர் தொடவில்லை. பத்தாவது வாரம் அந்த இருவரில் ஒருவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மற்றவர் குழுவை விட்டு விலகிவிட்டார். குழு நின்றது.

சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது, எப்படிச் சேர்கிறோம் என்பதும் முக்கியம். மேட் லோ என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் 1,261 ஆண்களை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்திப் பார்த்தார். வெவ்வேறு சாதிக்காரர்கள் ஒரே அணியில் ஆடியபோது சாதி தாண்டிய நட்பு வளர்ந்தது. எதிரணியாக மோதியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. குழுவிலும் அப்படித்தான். ஒரே சேமிப்புக்குப் பொறுப்பாளிகளாக இருந்தால் அணி, ஒரே கடனுக்குப் போட்டியிட்டால் எதிரணி. அதனால் கலந்த குழுவில் கடன் வரிசையை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். பொறுப்புகளையும் முதல் நாளே பிரித்துவிட வேண்டும், "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் பழைய வழக்கப்படிதான் முடியும்.

இப்படி நின்ற குழுக்களுக்குக் கிடைக்கும் பலம் வேறு எந்தக் குழுவுக்கும் கிடைக்காது. கிராம சபையில் ஊரும் காலனியும் சேர்ந்து ஒரே கோரிக்கையோடு எழுந்து நின்றால் அதிகாரிகளால் தட்டிக்கழிக்க முடியாது. தண்ணீர்த் தொட்டி எங்கே வருவது என்ற பேச்சில் இதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

எப்போது இது சரி: வருமானம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் பெண்கள், இருபக்கமும் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்கும்போது. பன்னிரண்டு பேருக்கு நடுவில் காலனியிலிருந்து ஒரே ஒருவரைச் சேர்த்துவிட்டு அதைக் கலந்த குழு என்று சொல்லாதீர்கள். அந்த ஒருவருக்கு அது தண்டனை.

## ஒரே பார்வையில்

| | தெரியுமா | கேட்க முடியுமா | சேர்ந்து விழும் ஆபத்து | வேலை சுற்றுமா | விடுபடுகிறவர் |
|---|---|---|---|---|---|
| சொந்தம் | மிக நன்றாக | கஷ்டம் | அதிகம் | மூத்தவர் தலையில் | உறவில்லாத வீடுகள் |
| தெரு | நன்றாக | முடியும் | நடுத்தரம் | ஓரளவு | அடுத்த தெரு, காலனி |
| தொழில் | தொழில் மட்டும் | முடியும் | மிக அதிகம் | நன்றாக | கூலி வேலைக்காரர்கள் |
| சாதி கலந்தது | முதலில் குறைவு | பழகியபின் நன்றாக | குறைவு | முன்பே பிரித்தால் நன்றாக | குறைவு |
| வசதி கலந்தது | அரைகுறை | ஒரு பக்கம் மட்டும் | குறைவு | வசதியானவர் கையில் | உள்ளே இருந்தும் ஏழைகள் |

## எத்தனை பேர்?

நம் குழுக்களில் 12 முதல் 20 பேர் வழக்கம். பதிவு செய்யாத குழுவுக்குப் பழைய கம்பெனிச் சட்டம் வைத்த வரம்புதான் இந்த 20. என் கணக்கில் 14 அல்லது 15 நல்லது. 12 பேரில் தொடங்கினால் இருவர் விலகியதும் குழு ஆட்டம் காணும். 20 பேர் இருந்தால் பின்வரிசையில் இருப்பவர் வராததை யாரும் கவனிப்பதில்லை.

## ஏற்கெனவே குழு அமைந்துவிட்டதா?

கலைக்க வேண்டாம். சேர்க்கையில் உள்ள குறையை, அடிக்கடி கூடிச் சந்திப்பதால் ஓரளவு ஈடுகட்டலாம். கொல்கத்தாவில் புதிதாகக் கடன் வாங்கிய பெண்களில் சிலரை வாரம் ஒருமுறையும் சிலரை மாதம் ஒருமுறையும் கூட வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது கடனில் எல்லோருக்கும் ஒரே முறைதான். ஆனால் முதலில் வாரவாரம் கூடியவர்கள் இரண்டாவது கடனைக் கட்டத் தவறியது, மாதம் ஒருமுறை கூடியவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அவர்கள் ஒருவரை ஒருவர் அதிகம் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். அறிமுகமில்லாதவர்களைக்கூட வாராந்தரக் கூட்டம் பழக்கப்படுத்திவிடுகிறது. "மாசம் ஒருதரம் போதும்" என்று சொல்கிற சொந்தக் குழுக்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

## பன்னிரண்டு சொந்தக்காரர்களோடு காத்திருக்கும் தங்கைக்கு

உங்கள் பட்டியலில் ஆறு பேரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே அடுப்பில் சமைக்கும் இருவர் வேண்டாம். மீதி ஆறு பேர் இதேபோல வெளியாட்களைச் சேர்த்து இன்னொரு குழு தொடங்கட்டும், மனக்கசப்பு வராது. உங்களோடு கூலிக்கு வருகிறவர்கள், நூறு நாள் வேலையில் பக்கத்தில் மண் வெட்டுகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விடும்போது பேசுகிறவர்கள் என்று எட்டு ஒன்பது பேரைத் தேடுங்கள். அவர்களில் மூன்று பேராவது உங்கள் தெருவைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். முதல் மூன்று மாதம் சந்தா மட்டும் போதும், அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் உள்கடன் வேண்டாம். யார் நேரத்துக்கு வருகிறார், யார் ஆள்விட்டுக் காசு அனுப்புகிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். முதல் கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள், அங்கன்வாடிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.